டெல்லி–டோக்கியோ: போக ஏழரை மணி நேரம், வர ஒன்பதரை மணி நேரம், ஏன்?

ஒரு விமான டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள நேரங்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. ஆனால் நிஜமான அட்டவணைகளும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

டெல்லியில் இரவு 8.00 மணிக்குப் புறப்பாடு. டோக்கியோவில் மறுநாள் காலை 7.00 மணிக்கு இறங்குகிறது. திரும்பும்போது டோக்கியோவில் காலை 11.30க்குப் புறப்பாடு; டெல்லிக்கு அன்றே மாலை 5.30க்கு வந்துவிடுகிறது.

விரல்விட்டு எண்ணினால் போக 11 மணி நேரம், வர 6 மணி நேரம். "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது அல்லவா? கிழக்கே போகும்போது டோக்கியோ நம்மைவிட்டு ஓடுகிறது, அதனால் நேரமாகிறது. திரும்பும்போது டெல்லி நம்மை நோக்கி வருகிறது, சீக்கிரம் வந்துவிடுகிறோம்" என்று இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதால் பலரும் இதை நம்புகிறார்கள், குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கும் தவறு, அதற்குச் சொல்லும் காரணமும் தவறு. இந்த டிக்கெட்டில் போகும் பயணம் ஏழரை மணி நேரம், வரும் பயணம் ஒன்பதரை மணி நேரம். கிழக்கே போவதுதான் சீக்கிரம் முடிகிறது. ஒரு தவறான கணக்குக்கு ஒரு தவறான காரணம் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் இரண்டுமே நிலைத்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

## முதலில் கடிகாரத்தைச் சரிசெய்வோம்

பூமி ஒரு முழுச் சுற்று சுற்ற 24 மணி நேரம். முழு வட்டம் என்பது 360 பாகை. 360ஐ 24ஆல் வகுத்தால் 15. ஆக, 15 பாகை கிழக்கே போனால் சூரியன் ஒரு மணி நேரம் முன்னதாக உதிக்கும். உலகின் நேரக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வகுத்தலில்தான் நிற்கிறது.

பூமியின் மேல் வடக்கு தெற்காக ஓடுவதாக நாம் கற்பனை செய்துகொண்ட கோடுகளுக்குத் தீர்க்கரேகை என்று பெயர். இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தின் மிர்ஸாபூருக்குப் பக்கத்தில் போகிறது. ஜப்பானின் கடிகாரத்துக்கு 135 பாகை. அந்தக் கோடு ஆகாஷி என்ற கடலோர நகரத்தின் வழியாகப் போகிறது. 135இலிருந்து 82.5ஐக் கழித்தால் 52.5. அதை 15ஆல் வகுத்தால் 3.5. டெல்லியைவிட டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பது இப்படித்தான். இரண்டு நாடுகளிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் பழக்கம் கிடையாது. அதனால் இந்த மூன்றரை மணி நேரம் வருடம் முழுவதும் மாறாது.

டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் அச்சாகியிருக்கும். புறப்படும் நேரம் டெல்லிக் கடிகாரத்தில், இறங்கும் நேரம் டோக்கியோ கடிகாரத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பது, ஒரு துணியின் ஒரு முனையைக் கெஜத்திலும் மறுமுனையை மீட்டரிலும் அளந்துவிட்டுக் கழித்துப் பார்ப்பது மாதிரி. இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கழிக்க வேண்டும்.

டோக்கியோவில் காலை 7.00 என்றால் அப்போது டெல்லியில் அதிகாலை 3.30. இரவு 8.00 முதல் அதிகாலை 3.30 வரை ஏழரை மணி நேரம். திரும்பும்போது டோக்கியோவில் காலை 11.30 என்பது டெல்லியில் காலை 8.00. அங்கிருந்து மாலை 5.30 வரை ஒன்பதரை மணி நேரம்.

இதுவரை பார்த்தது: கடிகார வித்தியாசம் மூன்றரை மணி நேரம், அதை நீக்கியதும் 11, 6 என்ற எண்கள் ஏழரை, ஒன்பதரை ஆகிவிட்டன. எது நீளமான பயணம் என்பதே தலைகீழாகிவிட்டது. ஆனால் இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. ஒரே இரண்டு ஊர், ஒரே மாதிரி விமானம். அப்புறம் எப்படி இரண்டு மணி நேர வித்தியாசம்?

## தூரம் என்பது எந்தத் தூரம்?

நேரத்துக்குப் போகும் முன் தூரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. "டெல்லியிலிருந்து டோக்கியோ எத்தனை கிலோமீட்டர்?" என்று தேடினால் ஓரிடத்தில் 5,850, இன்னோர் இடத்தில் 5,900, வேறொன்றில் 6,000க்கு மேல் என்று வரும். இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடங்களுக்கு இடையே, வேறு வேறு கோட்டின் வழியாக அளந்தது.

ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தால் 5,850ஐ ஒட்டி வரும். டெல்லி விமான நிலையத்திலிருந்து நரிட்டா விமான நிலையத்துக்கு அளந்தால் சுமார் 5,900. நரிட்டா, டோக்கியோவின் மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. கிழக்கே இருப்பதுதான் காரணம். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம், எந்தக் கோட்டின் மேல் அளக்கிறோம் என்பது.

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக எது கிடைத்தாலும் சரி. உலக உருண்டை இருந்தால் இன்னும் நல்லது. அதில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை முதல் புள்ளியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை இரண்டாவது புள்ளிவரை கொண்டுபோய் இழுத்துப் பிடியுங்கள். தொய்வாக இருந்த நூல் பந்தின் மேல் சறுக்கி ஓர் இடத்தில் வந்து நிற்கும். அதற்கு மேல் இழுத்தாலும் நகராது. அந்தக் கோடுதான் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே பந்தின் மேல் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. அதே கோட்டை முழுவதுமாகச் சுற்றி இழுத்துக்கொண்டே போனால் பந்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டமாக வந்து முடியும். உருண்டையின் மேல் வரையக்கூடிய வட்டங்களிலேயே அதுதான் பெரியது என்பதால் அதற்குப் பெருவட்டம் என்று பெயர். விமானத் தூரம் என்று நாம் படிப்பது பெரும்பாலும் இந்தப் பெருவட்டத்தின் மேல் அளந்த தூரம்தான்.

இப்போது அந்த நூலை டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் இழுத்துப் பார்ப்போம். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு பாகை என்பதை அட்சரேகை என்பார்கள். டெல்லி ஏறத்தாழ 28.6 பாகையில் இருக்கிறது, டோக்கியோ 35.7இல். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது 28.6இலிருந்து 35.7க்கு மெல்ல ஏறிக்கொண்டே போகும், எங்கும் இறங்காது. நூல் அப்படிப் போவதில்லை. டெல்லியிலிருந்து வடகிழக்காக ஏறி, டோக்கியோவின் அட்சரேகையையும் தாண்டி, சீனாவின் ஷான்டோங் தீபகற்பத்தில் யான்டாய் நகரத்தை ஒட்டி 37 பாகைக்கும் கொஞ்சம் மேலே போய், அப்புறம் டோக்கியோவை நோக்கி இறங்குகிறது. அந்த இடத்தில் ஸ்கேல் கோட்டுக்கும் நூலுக்கும் நடுவில் 400 கி.மீ. இடைவெளி. ஆனால் மொத்த நீளத்தில் மிச்சமாவது 100 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. ஸ்கேல் கோடு சுமார் 6,000, நூல் 5,900.

வரைபடம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் தட்டையாக வைக்க முயன்றால் தெரியும். கிழியாமல், இழுபடாமல் அது தட்டையாகாது. பூமியின் வரைபடத்துக்கும் இதே கதிதான். நாம் வழக்கமாகப் பார்க்கும் வரைபடத்தில் துருவங்களை நெருங்க நெருங்கத் தோல் அதிகமாக இழுக்கப்பட்டிருக்கிறது. பூமத்திய ரேகையில் ஒரு பாகை கிழக்கே நகர்ந்தால் 111 கி.மீ. கடந்திருப்போம். 60 பாகை வடக்கே போய் அதே ஒரு பாகை நகர்ந்தால் பாதிதான், 56 கி.மீ.கூட வராது. வரைபடமோ இரண்டையும் ஒரே அகலத்தில் காட்டுகிறது. வடக்கே போனால் கிழக்கு மேற்குத் தூரம் சுருங்குகிறது என்பதைத்தான் நூல் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே, விமானப் பாதை வரைபடத்தில் வளைந்து தெரிந்தால் வளைந்திருப்பது வரைபடம்தான்.

## நூல் காட்டும் வழியில் விமானம் போவதில்லை

அப்படியானால் டெல்லி–டோக்கியோ விமானம் அந்த நூலின் மேலேயே போகுமா என்றால், போகாது. நூல் நேராக இமயமலையைத் தாண்டித் திபெத்துக்குள் நுழைகிறது. விமானங்கள் அந்தப் பக்கம் போவதைக் கூடியவரை தவிர்க்கின்றன.

"மலை உயரம், இடித்துவிடும்" என்று சிலர் நினைப்பதுண்டு. எவரெஸ்ட் 8,849 மீட்டர். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரத்தில். மேலே பறப்பதில் சிக்கல் இல்லை. அவசரமாகக் கீழே இறங்க வேண்டி வந்தால்தான் சிக்கல்.

விமானத்துக்குள் நாம் சாதாரணமாக மூச்சுவிட முடிவது, உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால். ஏதோ கோளாறில் அந்த அழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து முகமூடி விழும் என்று ஒவ்வொரு பயணத்திலும் செய்து காட்டுகிறார்களே, அந்த முகமூடியில் ஆக்ஸிஜன் பொதுவாக ஏறக்குறைய 15 நிமிடங்களுக்குத்தான் வரும். அதற்குள் விமானி, முகமூடி இல்லாமலே மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு, அதாவது சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு, விமானத்தை இறக்கிவிட வேண்டும். கடல் மீதோ சமவெளி மீதோ இது சில நிமிட வேலை. திபெத் பீடபூமியில் தரையே 4 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. இறங்குவதற்கு இடமே இல்லை. அதுவும் கொஞ்ச நஞ்சப் பரப்பா? கிழக்கு மேற்காக 2,000 கி.மீ.க்கு மேல் விரிந்து கிடக்கிறது. அவசரத்தில் இறக்குவதற்குத் தாழ்வான விமான நிலையங்களும் பக்கத்தில் கிடையாது.

நிலைமை இப்படி என்பதால் விமானங்கள் பெரும்பாலும் டெல்லியிலிருந்து கிழக்காகப் போய், வங்கதேசம், மியான்மர் பக்கமாகச் சுற்றி, சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குள் நுழைந்து அங்கிருந்து வடகிழக்காகத் திரும்புகின்றன. வழியில் குன்மிங், ஷாங்காய் என்ற இரண்டு நகரங்களைத் தொட்டுப் போவதாக வைத்துக்கொண்டு கூட்டினால் சுமார் 6,350 கி.மீ. வருகிறது. நூல் காட்டியதைவிட 450 கி.மீ. அதிகம், அதாவது கிட்டத்தட்ட அரை மணி நேரப் பறப்பு.

மலை தவிர, நாடுகளும் உண்டு. 1944ஆம் ஆண்டு சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வானத்தின் மீது முழு உரிமை உண்டு என்பதுதான். அனுமதி இல்லாமல் யாரும் பறக்க முடியாது, பறப்பதற்குக் கட்டணமும் உண்டு. ஒரு நாடு தன் வானத்தை மூடினால் சுற்றித்தான் போக வேண்டும்.

ஆக, தூரம் என்று மூன்று இருக்கிறது: வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் 6,000, நூல் இழுத்தால் 5,900, விமானம் நிஜமாகப் பறப்பது 6,300க்கு மேல். ஆனால் இந்த மூன்றுமே போவதற்கும் வருவதற்கும் பொது. இரண்டு மணி நேர வித்தியாசத்தை இவை விளக்கவில்லை.

## பூமி சுற்றுவதுதான் காரணமா?

இல்லை. இதை ஆணித்தரமாகச் சொல்லலாம், நீங்களே சோதித்தும் பார்க்கலாம்.

ஓடும் ரயிலில் உட்கார்ந்தபடி ஒரு நாணயத்தை நேராக மேலே சுண்டிவிடுங்கள். ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனாலும் நாணயம் உங்கள் கைக்கே திரும்பி வரும். பின்சீட்டுக்காரர் முகத்தில் போய் அடிக்காது. ரயில், நீங்கள், நாணயம், பெட்டிக்குள் இருக்கும் காற்று எல்லாமே ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. கையைவிட்டுப் போனதும் நாணயம் அந்த வேகத்தை இழந்துவிடுவதில்லை.

பூமியும் அப்படித்தான். டெல்லி இருக்கும் இடத்தில் தரை மணிக்குச் சுமார் 1,460 கி.மீ. வேகத்தில் கிழக்காகச் சுழல்கிறது. தரையோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கு அந்த 1,460 வந்துவிடுகிறது. மேலே எழும்பியதும் அதை உதிர்த்துவிடுவதில்லை. அப்படி உதிர்ப்பது உண்மையானால் டெல்லியில் ஒரு ஹெலிகாப்டர் நேராக மேலே கிளம்பி ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலே போதும், 1,400 கி.மீ.க்கு மேல் மேற்கே போய் இறங்கலாம். எந்த ஹெலிகாப்டரும் அப்படி இறங்கியதில்லை.

## விமானம் பறப்பது காற்றுக்குள்ளே

இந்த விஷயத்தில் மனதில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்வது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: விமானத்தின் வேகம் தரையை வைத்து அல்ல, தன்னைச் சுற்றி இருக்கும் காற்றை வைத்து.

ஆற்றில் படகு ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் துடுப்புப் போடும் வேகம் ஒன்றுதான். ஆற்றோடு போனால் கரையில் உள்ள மரங்கள் சரசரவென்று பின்னால் போகும். எதிர்த்துப் போனால் அதே துடுப்பு, அதே வியர்வை, ஆனால் மரங்கள் நகரவே மாட்டேன் என்கின்றன. தண்ணீரைப் பொறுத்து அவர் வேகம் மாறவில்லை. கரையைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

விமானத்துக்கு ஆறு என்பது காற்று. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் போகும் வேகத்தைக் காற்றுவேகம் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள நிலத்தைப் பொறுத்துப் போகும் வேகம் தரைவேகம். இறக்கைக்குத் தெரிந்தது காற்றுவேகம் மட்டும்தான். ஊர் போய்ச் சேர்வது தரைவேகத்தில்தான்.

பெரிய பயணிகள் விமானம் மேலே சீராகப் பறக்கும்போது காற்றுவேகம் மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டி இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவதால் சராசரியாக 850 என்று வைப்போம். பாதை 6,300 கி.மீ. காற்றே அசையவில்லை என்றால் போக ஏறக்குறைய 7 மணி 25 நிமிடம், வரவும் அதேதான். மொத்தம் 14 மணி 49 நிமிடம்.

இப்போது மேற்கிலிருந்து கிழக்காகச் சராசரி 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்று வையுங்கள். கிழக்கே போகும் விமானத்துக்குத் தரைவேகம் 950. 6,300ஐ 950ஆல் வகுத்தால் 6 மணி 38 நிமிடம். மேற்கே வரும்போது தரைவேகம் 750. வகுத்தால் 8 மணி 24 நிமிடம். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம் வந்துவிட்டது. நாம் தேடியது இதைத்தான்.

கூர்ந்து பார்த்தால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. காற்று ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது, கணக்கு நேராகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகவில்லை. போகும்போது மிச்சமானது 47 நிமிடம். வரும்போது பறிபோனது 59 நிமிடம். மொத்தம் 15 மணி 2 நிமிடம், அதாவது காற்றே இல்லாமல் இருந்ததைவிட 13 நிமிடம் அதிகம். காரணம் எளிது. உதவும் காற்றில் விமானம் குறைவான நேரமே இருக்கிறது, எதிர்க்கும் காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. நல்லது செய்ய 6 மணி 38 நிமிடம், கெடுதல் செய்ய 8 மணி 24 நிமிடம். இந்தக் கணக்கை முதல் தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. நீங்களும் 100க்குப் பதில் 150 வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சுருக்கமாக: காற்றுவேகம் ஒன்றுதான், தரைவேகம் மாறுகிறது. வித்தியாசம் காற்றிலிருந்து வருகிறது. மிச்சம் இருப்பது, காற்று ஏன் எப்போதும் ஒரே பக்கமாக வீசுகிறது என்பது.

## வானத்தில் ஓடும் ஆறு

தரையில் நாம் உணரும் காற்று ஒரு நாள் தெற்கிலிருந்து வரும், ஒரு நாள் வடக்கிலிருந்து வரும். 10 கி.மீ. உயரத்தில் அப்படியில்லை. அங்கே, வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியையே சுற்றிக்கொண்டு வேகமான காற்று ஆறுகள் ஓடுகின்றன. சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் உயரமும் கொண்ட இந்தக் காற்று ஆற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். ஜெட் விமானத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. குழாயிலிருந்து பீறிட்டு வருவதுபோல் வீசுவதால் வந்த பெயர்.

இது எப்படி உண்டாகிறது? பூமத்திய ரேகைப் பக்கம் சூடான காற்று மேலெழும்பி, உயரத்தில் துருவங்களை நோக்கி நகர்கிறது. பூமத்திய ரேகையில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்காகச் சுழல்கிறது, அங்கிருந்து கிளம்பும் காற்றும் அந்த வேகத்தைச் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறது. வடக்கே வர வர, பூமியின் சுற்றளவு குறைவதால், கீழே உள்ள தரை மெதுவாகச் சுழல்கிறது. டெல்லி இருக்கும் இடத்தில் 1,460தான் என்று பார்த்தோம். வேகத்தோடு வந்த காற்று மெதுவாகப் போகும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. வெப்பத்துக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு வேகம் இந்தக் காற்றுக்கு.

பூமியின் சுழற்சிக்கு இந்தக் கதையில் பங்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பங்கு உண்டு, ஆனால் அது காற்றின் வழியாக வருகிறது. அதுவும் பரவலாக நம்பப்படுவதற்கு நேர் எதிராக, கிழக்கே போகிறவருக்கு உதவுவதாக.

டெல்லி–டோக்கியோ பாதையை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். குளிர்காலத்தில் இந்த ஜெட் காற்றோட்டம் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலேயே ஓடுகிறது. அங்கிருந்து கிழக்கே போய், ஜப்பான் பக்கம் வரும்போது உலகிலேயே மிக வேகமான காற்றோட்டங்களில் ஒன்றாகிவிடுகிறது. மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. சைபீரியாவின் கடுங்குளிரும் பசிபிக் கடலின் வெதுவெதுப்பும் அங்கே அருகருகே மோதிக்கொள்கின்றன. ஆக, கிட்டத்தட்டப் பாதை முழுவதும் ஆறு கூடவே ஓடுகிறது.

இந்த ஆற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் இருந்ததும் டோக்கியோவுக்குப் பக்கத்தில்தான். வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர், டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ததேனோ ஆய்வுக்கூடத்தில் 1920களில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டார். பலூன் மேலே போகப் போக அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைத் தொலைநோக்கி வைத்த கோணமானியில் ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டார். குளிர்காலத்தில் உயரே போன பலூன்கள் மிகுந்த வேகத்தில் கிழக்கே அடித்துச் செல்லப்படுவதைக் கண்டார். 1926இல் அதை வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று நினைத்து எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் எழுதினார். அந்த மொழி தெரிந்த வானிலையாளர்கள் மிகக் குறைவு. அவ்வளவு முக்கியமான கண்டுபிடிப்பு பெரும்பாலோர் கண்ணில் படாமலே போயிற்று.

1944 இறுதியில் டோக்கியோவைக் குண்டுவீசித் தாக்க வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கி, குறி தவறித் திணறியபோதுதான் அது எவ்வளவு வலியது என்று மற்றவர்களுக்கும் உறைத்தது. அமைதிக் காலத்தில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் டோக்கியோவிலிருந்துதான். 1952 நவம்பரில் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு இந்தக் காற்றோடு சேர்ந்து பறந்து, 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணி நேரமாகக் குறைத்தது.

ஜப்பான் மேலே 300 கி.மீ. வேகம் என்றால் நம் கணக்கில் ஏன் 100 மட்டும்? பாதை முழுவதும் அந்த வேகம் இருக்காது, வருடம் முழுவதும் இருக்காது. கோடையில் இந்தக் காற்றோட்டம் வலுவிழந்து, இமயமலைக்கும் திபெத்துக்கும் வடக்கே நகர்ந்துவிடும். மேலும், மேற்கே வரும் விமானத்தை ஆற்றின் நடுவில் விட்டு எதிர்நீச்சல் போடச் சொல்ல மாட்டார்கள். காற்று குறைவாக உள்ள உயரத்தையும் வழியையும் ஒவ்வொரு நாளும் வானிலை அறிக்கை பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்சம் சுற்றினாலும் அதுதான் சீக்கிரம். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்ற நம் பழக்கக் கணக்கு இங்கே செல்லாது.

இந்தப் பருவ மாற்றத்தை டிக்கெட்டிலும் பார்க்கலாம். விமான அட்டவணைகள் வருடத்தில் இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், மாறும். ஒரே பயணத்துக்குக் குளிர்கால அட்டவணையில் ஒரு நேரமும் கோடை அட்டவணையில் இன்னொரு நேரமும் போட்டிருந்தால் அது அச்சுப் பிழை இல்லை.

## டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமா?

ஒரு சின்ன பாக்கி இருக்கிறது. நம் கணக்கில் போக 6 மணி 38 நிமிடம், வர 8 மணி 24 நிமிடம் வந்தது. டிக்கெட்டில் ஏழரையும் ஒன்பதரையும் இருக்கிறது. மீதி எங்கே?

டிக்கெட்டில் போடுவது விமானம் தரையைவிட்டு எழும்பும் நேரம் இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் முதலில் நகரும் கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரம் கடைசியாக நிற்கும் கணம் வரை உள்ள நேரம். இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கும் முன் மேலே ஒரு சுற்றுச் சுற்றவைத்தால் அது, இறங்கியபின் வாயில் வரை ஊர்வது எல்லாம் இதில் அடக்கம். பரபரப்பான இரண்டு பெரிய விமான நிலையங்களுக்கு நடுவே இதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிவிடும். தாமதமானால் ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். புறப்படத் தாமதமான விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்வதற்கு இந்தக் கூடுதல் நிமிடங்களும் ஒரு காரணம்.

அடுத்த முறை இந்தப் பாதையில், அல்லது கிழக்கு மேற்காக நீளும் எந்தப் பாதையிலும் போக நேர்ந்தால், இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் பயண வரைபடத்தைத் திறந்து வையுங்கள். உயரம், வெளியே வெப்பநிலை, இவற்றோடு தரைவேகமும் ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும் திரைகளும் உண்டு. டோக்கியோவை நோக்கிப் போகும் குளிர்கால இரவில், சீனக் கடற்கரையைத் தாண்டிய பிறகு, தரைவேகம் 1,000ஐத் தொட்டு 1,100ஐயும் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். இயந்திரத்தின் ஓசையில் எந்த மாற்றமும் இருக்காது. திரும்பி வரும்போது அதே இடத்தில் அந்த எண் 700க்கும் கீழே இறங்கியிருக்கும்.